ஆயிரத்தில் மூன்று

சுலோஜினியின் நிறை மூன்று. ஆயிரத்துக்கு மூன்று.

ஜெயமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். மூன்றேதான். சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசையில் பஸ்லி நானா இருந்ததால், கீழே விழாத பேனாவைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். அங்கே, கணினி வயர்களுக்கும் தன் செருப்புக்கும் நடுவே, ஆசை தீரச் சிரித்தாள்.

மாகாண நில நீர் அவையில் இருபத்தொரு பேர். பதினெட்டுப் பேர் தேர்தலில் வென்று வந்தவர்கள். மிச்சம் மூன்று நாற்காலிகள் சிறுபான்மையினருக்கு, நியமனத்தில். அதில் ஒன்று மலைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு. அந்த மூன்று பேரையும் சும்மா பேருக்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நெடுநாளாக ஒரு பேச்சு. இல்லை, உண்மையாகவே அதிகாரத்தில் பங்கு கொடுத்திருக்கிறோம் என்று அரசாங்கம் சொல்லும். இந்த வாக்குவாதத்தைத் தீர்க்கத்தான் நிறைச் சட்டம் வந்தது. அவையில் பேசும் ஒவ்வொரு சொல்லையும் ஓர் இயந்திரம் கேட்டுக்கொண்டிருக்கும். எந்த உத்தரவு யாரால் எவ்வளவு மாறியது என்று வருடக் கடைசியில் கணக்குப் போட்டு ஆளுக்கு ஆயிரத்துக்கு ஓர் எண் கொடுக்கும்; அதுதான் நிறை. நியமன உறுப்பினரின் எண் பத்துக்குக் கீழே போனால் அது அலங்கார நியமனம். அவர் விலக வேண்டும். தேர்வுப் பட்டியலில் அடுத்து இருக்கும் பெயருக்கு நாற்காலி போகும்.

மலை நாற்காலிக்கு அடுத்த பெயர் ஜெயமதி.

அது அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. பட்டியல் வெளிவந்து ஒன்றரை வருடமாகிவிட்டது. இரண்டாவதாக வந்தவளின் பெயரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நிறை அலுவலகத்தில் அவள் சரிபார்ப்பு அதிகாரி. பதிவுகள் முழுசாக இருக்கின்றனவா, எந்தப் பேச்சும் விடுபடவில்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பு சுலோஜினியின் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘உறுப்பினருடன் உறவோ தொடர்போ உண்டா?’ இல்லை என்று குறித்தாள். சொந்தபந்தம் எதுவும் இல்லைதானே.

சொந்தம் இல்லை. ஆனால் ஒரே தோட்டம், ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளாக நீளும் ஒரே லயம். ஏழாம் காம்பராவில் சுலோ, எட்டாம் காம்பராவில் ஜெயமதி. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் வேணுமா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எப்போதும் ஜெயமதிதான் முதல். சுலோ ஐந்தோ ஆறோ. ஆனால் சுலோ எழுந்து நின்று பேசினால் இன்ஸ்பெக்டர்கூடப் பேனாவை மூடிவிட்டுக் கேட்பார். ஜெயமதிக்கு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இப்போதும் சுலோவின் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் ஜெயமதி அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். புடவை மடிப்பு கோணலாக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

போன மாதம் இருவரும் ஒரே லிஃப்டில் ஏற நேர்ந்தது.

“ஏய் மதி! உன்னப் பிடிக்க லிஃப்டுதான் சரி. ஓட முடியாது,” என்றாள் சுலோ. “போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கிற.”

“வேலை கூடிப்போச்சு.”

“எனக்கு என்னா வேலை தெரியுமா? விளக்கு ஏத்துறது. இந்த வருசம் மட்டும் பதினேழு விளக்கு. போட்டோன்னா முன்னால நிறுத்துறாங்க, கூட்டம்னா கடைசியில கூப்பிடுறாங்க. நெருப்புப்பெட்டிக்காரன்தான்டி எனக்கு மாலை போடணும்.” சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “பூச்சாடிங்கிறாங்க என்னைய. நீயும் அப்பிடித்தான் நெனைக்கிறியா?”

கதவு திறந்தது. “என்னோட மாடி வந்துருச்சு,” என்று ஜெயமதி இறங்கிவிட்டாள். அது அவளுடைய மாடி இல்லை. இரண்டு மாடி படியேறி நடந்தாள். ஏறும்போது ‘பூச்சாடி’ என்று இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாக இருந்தது.

இன்று அது எண்ணாகவே வந்துவிட்டது. அறிக்கை நாலு மணிக்குள் போக வேண்டும். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கன்டீனுக்குப் போய் முட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு, கல்யாண விருந்தில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தாள். அப்போது அம்மா போனில் கூப்பிட்டாள்.

“என்னா மதி, சாப்டியா? சுலோ வந்திருந்தா.”

“சரி.”

“கீழ் டிவிசன் ஆளுங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் குடுத்தாங்க. நானூத்திப் பன்னெண்டு குடும்பம். உங்க சித்தப்பாவுக்கும் கெடச்சிருச்சு. பேப்பரக் கையில வச்சுக்கிட்டு அழுவுறாரு மனுசன். அணை வந்தா லயத்தோட முழுக்கிருவாங்கன்னு எத்தன நாளு தூங்காம கெடந்தாரு.”

“அதுக்கு அவ என்னாம்மா பண்ணுனா? இருபத்தோரு பேரு சேந்து எடுக்கிற முடிவு.”

“அவ இல்லாட்டி யாரு பேசியிருப்பா?”

“நான் பேசியிருப்பேன்!”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா விடவில்லை.

“பேசுவ, பேசுவ. கல்யாண வீட்டுல தண்ணி கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு விக்கலோட வீடு வந்து சேந்தவதானே நீ.”

முட்டை ரொட்டி ஆறிப்போயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம். ஆயிரத்துக்கு மூன்று. இந்த இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்டாத கணக்கை அப்படியே விட ஜெயமதிக்கு வராது. அதோடு, அந்த உறுதிப் பத்திரங்களுக்கும் சுலோவுக்கும் சம்பந்தமே இல்லை என்று இயந்திரத்தின் வாயாலேயே கேட்டுவிட்டால், இன்று இரவே அம்மாவிடம் சொல்லலாம்.

பஸ்லி நானா இயந்திரத்தின் கணக்கு முறையை எழுதிய மூவரில் ஒருவர். ஐம்பது வயது; அலுவலகத்தில் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நானா, அணை உத்தரவு சுலோஜினி பேசினதாலதான் மாறுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. சும்மா சொல்றாங்கதானே? மூணுதானே வந்திருக்கு.”

“ஊரு சொல்றது நெசம்தான் புள்ள.”

“அப்ப மூணு எப்படி?”

“எதைக் கழிச்சுப் பாக்குறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.” தம்ளரைக் கீழே வைத்தார். “ஆறாம் நாற்காலிப் பெரியவரு இருக்காரே, தூங்குறவரு. அவரு நிறை என்ன?”

“பதினாலு.”

“தூங்குற மனுசனுக்குப் பதினாலு எங்கேருந்து வந்துச்சு? இயந்திரம் அவர் நாற்காலியக் காலியா வச்சு, வருசத்துக் கூட்டம் எல்லாத்தையும் மறுபடி ஓட்டிப் பாக்குது. அவர் கை தூக்காததால ரெண்டு உத்தரவு வேற மாதிரி போவுது. அந்த வித்தியாசம்தான் பதினாலு. குறட்டைக்குத் தனியா மார்க் இல்ல.”

“சுலோஜினிக்கும் அப்படித்தானே?”

“அங்கதான் இல்ல. நியமன நாற்காலி எப்பவும் காலியா இருக்காது. அவங்க இல்லாட்டி பட்டியல்ல அடுத்த ஆளு வந்து குந்தியிருப்பாங்க. அதனால அந்த அடுத்த ஆளைக் குந்த வச்சு ஓட்டிப் பாக்கும். ‘நியமிக்கப்பட்டவரால் விளைந்த மாற்றம்’னு சட்டத்துல எழுதியிருக்கு. சட்டக்காரங்க இப்படித்தான் அர்த்தம் சொன்னாங்க. கேக்குறப்ப நியாயமாத்தான் இருந்துச்சு.”

“அடுத்த ஆளு என்ன பேசுவாங்கன்னு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?”

“பட்டியல்ல உள்ளவங்கள நேர்காணல்னு மூணு நாளு, பதினோரு மணி நேரம் குந்த வச்சாங்களே, அது எதுக்குன்னு நெனச்ச? அந்தப் பதிவ வச்சுத்தான் ஆளை உருவாக்குறது. பேரு எங்களுக்கே தெரியாது. மலை நாற்காலிக்கு ‘மாற்று இரண்டு’ன்னு இருக்கும்.”

அந்த மாற்று இரண்டு ஜெயமதிதான். அந்த நேர்காணல் அறை நினைவுக்கு வந்தது. வெள்ளைச் சுவர், ஒரு தண்ணீர்ப் போத்தல், எதிரே யாரும் இல்லை. ஆள் இல்லாததால் அவளுக்குக் கூச்சமே வரவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக மனம்விட்டுப் பேசினாள்.

“அதை நான் பாக்கலாமா நானா?”

“சரிபார்ப்பு அதிகாரிக்கு இல்லாத அனுமதியா?”

திரையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் சுலோஜினி உண்மையில் பேசியது. வலப்பக்கம் மாற்று இரண்டு பேசியிருக்கக்கூடியது. அணை விவாதத்தை எடுத்தாள்.

இடப்பக்கம் சுலோ சொல்லியிருந்தாள்: “ஐயாமாரே, நூத்தம்பது வருசமா நாங்க இருந்த எடத்துக்கு எங்க கையில ஒரு துண்டுக் காகிதம் இல்ல. மொதல்ல காகிதம், அப்புறம்தான் லாரி.”

வலப்பக்கம்: “என் அம்மாவின் கொழுந்துப் பையைத் தராசில் போட்டு, பைக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ என்று கழித்தார்கள். அன்றைக்கு மழையே இல்லை. வெயில். கேட்க ஒரு காகிதம்கூட எங்களிடம் இல்லை. இந்த முறை முதலில் உறுதியைக் கொடுங்கள், பிறகு எங்களை நகர்த்துங்கள்.”

ஜெயமதி கையை வாயில் வைத்துக்கொண்டாள். மழை இல்லாத நாளில் தண்ணிக்குக் கழித்த கதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஏழு வயதில் அம்மாவின் பின்னால் நின்று பார்த்தது.

மாற்று இரண்டு நன்றாகப் பேசினாள். திக்கவில்லை, திணறவில்லை. மற்ற உறுப்பினர்கள் அவளை இடைமறித்தால் கொஞ்சம் பொறுங்கள் என்றாள். ஜெயமதி ஒரு மணி நேரம் அவளையே வாசித்தாள். இப்படி ஒருத்தி தனக்குள் இருந்திருக்கிறாள், அவளை வெளியே விடாமல் அந்த நாற்காலியில் சுலோ உட்கார்ந்திருக்கிறாள். அப்போது வந்த எரிச்சல் நெஞ்சுக்கூட்டில் புளிக்கரைசலாக இறங்கியது.

பிறகு முடிவுகளைப் பார்த்தாள். அணை உத்தரவு, சுலோ இருந்தால்: நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கு உறுதி. மாற்று இரண்டு இருந்தால்: நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கு உறுதி. குடிநீர்க் குழாய், அதே. மண்சரிவு எச்சரிக்கை, அதே. இருபத்திரண்டு கூட்டத்திலும் வார்த்தைகள் வேறு, முடிவு ஒன்று.

இதைத்தான் இயந்திரம் மூன்று என்று சொல்லியிருக்கிறது. சுலோவிடம் ஒன்றுமில்லை என்பது அதற்கு அர்த்தமில்லை. சுலோ செய்ததை ஜெயமதியும் செய்திருப்பாள் என்பதுதான் அர்த்தம்.

கணக்கு முறைப் பட்டியலில் ‘காலி’ என்று ஒரு தேர்வு இருந்தது. மற்ற பதினெட்டுப் பேருக்குப் பயன்படுத்துவது. மலை நாற்காலிக்கு அதைத் தட்டினாள். இயந்திரம் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. நாற்காலியில் யாருமே இல்லாத அந்த வருடத்தில் உறுதி என்ற சொல் அவையில் ஒரு தடவைகூட எழவில்லை. குடும்பங்களை லாரியில் ஏற்றினார்கள். பெயர்ப் பட்டியலில் சித்தப்பா இருநூற்று ஆறாவது.

நிறை: நூற்றுப் பதினெட்டு.

இருபத்தொரு பேரில் மூன்றாவது பெரிய எண். ஜெயமதிக்கு அழுகை வந்தது. அது சித்தப்பாவுக்காக என்று சொன்னால் பொய். நூற்றுப் பதினெட்டு சுலோவின் பெயருக்கு நேரே இருந்ததுதான் காரணம்.

“நானா,” என்றாள் மெதுவாக. “தேர்தல்ல வந்தவங்களைக் காலி நாற்காலியோட நிறுக்கிறோம். எங்களை மட்டும் எங்களோடயே நிறுக்கிறோம்.”

“ம்.”

“தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவங்க பையில கழிவே இருக்காது நானா. எங்க பையிலதான்.”

பஸ்லி நானா பனங்கட்டித் துண்டை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். “மூணு வருசமா எனக்கு இது தொண்டையில நிக்குது. எங்க முஸ்லிம் ஆளுங்க நாற்காலிக்கும் இதே கழிவுதான். ஒருத்தரும் எழுத்துல கேக்கல. நான் கேட்டா, எழுதினவனே கேக்குறான்னு சிரிப்பாங்க. சரிபார்ப்பு அதிகாரி ஆட்சேபம் போட்டா மட்டும்தான் அவை திறந்து பாக்கணும்.” அவளை நேராகப் பார்த்தார். “ரெண்டு வருசம் தொடர்ந்து பத்துக்குக் கீழ வந்தா நாற்காலியையே எடுத்துருவாங்க, தெரியுந்தானே?”

தெரியும். இந்த வருடம் சுலோ மூன்று. அடுத்த வருடம் ஜெயமதி உட்காருவாள். அவளைப் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் பன்னீர்செல்வம் மாஸ்டரோடு நிறுப்பார்கள். மாஸ்டரும் அதே மலைக்காரர், அதே உறுதியைத்தான் கேட்பார். நாலு வரும், ஐந்து வரும். மலைக்கு இருந்த நாற்காலி போய்விடும்.

ஆனால் ஒரு வருடம் கிடைக்கும். ஜெயமதி அதை நினைக்கத்தான் செய்தாள். முழு ஒரு வருடம். வாசலில் பெயர்ப் பலகை. தோட்டத்துக்குப் போய் இறங்கும்போது அம்மாவின் முகம். மைக்குக்கு முன்னால், திக்காமல், மாற்று இரண்டு மாதிரி. ஆட்சேபம் போட்டால் முதல் பக்கத்தில் ‘இல்லை’ என்று குறித்தது வெளியே வரும். இந்த வேலையும் போகலாம். அவள் வேலை இழந்து சுலோவின் நாற்காலியைக் காப்பாற்ற வேண்டும். சுலோ பதினெட்டாவது விளக்கை ஏற்றுவாள்.

மணி மூன்றரை. விரல் கையெழுத்துப் பலகை மேலேயே இருந்தது.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். இருவரும் ஒன்று என்றால் பூச்சியம் வந்திருக்க வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் சுலோ இவளைவிடக் கூடுதலாக ஏதோ செய்திருக்கிறாள். அது என்ன என்று தெரியாமல் இருக்க முடியாது. தேடினாள். பத்தொன்பதாம் கூட்டம், கடைசி ஐந்து நிமிடம். எல்லோரும் எழுந்து போகும் நேரம். வேறு ஏதும் உண்டா என்று தலைவர் வழக்கத்துக்குக் கேட்டிருக்கிறார்.

இடப்பக்கம், சுலோஜினி:

“ஒண்ணு கேக்கணும். எங்க மலைக்கு ஒரு நாற்காலி போதும்னு யாரு முடிவு பண்ணுனது? என்கூட இந்த எடத்துக்குப் போட்டி போட்டவ என்னையவிட நல்லா கணக்குப் போடுவா. அவ பேரு ஜெயமதி. நான் தப்பா ஒரு எண் சொன்னா பக்கத்துல இருந்து திருத்த அவ வேணும். ஒரே ஒரு நாற்காலியப் போட்டீங்கன்னா நாங்க உங்களப் பாத்து வாதாட மாட்டோம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டுத்தான் இருப்போம். இன்னொரு நாற்காலி போடுங்க.”

வாக்கெடுப்பில் பதினேழுக்கு நாலு என்று தோற்றிருந்தது. அடுத்த வருடம் பரிசீலிக்கலாம் என்று குறிப்பேட்டில் ஒரு வரி ஏறியிருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் மூன்று.

ஜெயமதி வலப்பக்கம் பார்த்தாள். அதே கூட்டம், அதே ஐந்து நிமிடம். பதினோரு மணி நேரம் அவள் மனம்விட்டுப் பேசியதிலிருந்து பிறந்தவள், திக்காதவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். வேறு ஏதும் உண்டா என்று தலைவர் கேட்கிறார்.

மாற்று இரண்டு: “இல்லை.”

ஜெயமதி அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே சொல்லைத்தான் அவளும் முதல் பக்கத்தில் குறித்திருந்தாள்.

பொறாமை போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. இன்னும் கூடியது. ஆனால் இப்போது சுலோவின் புடவை மீதோ நாற்காலி மீதோ இல்லை. அந்த மூன்றின் மீது. அது அவளுக்கு வேண்டும் போலிருந்தது. கேட்டு வாங்கக்கூடியதாக அது இல்லை.

மணி நாலாக எட்டு நிமிடம் இருக்கையில் ஆட்சேபப் படிவத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில், நியமன நாற்காலிகளையும் மற்ற நாற்காலிகளைப் போலவே காலி நாற்காலியோடு நிறுக்க வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதினாள். நூற்றுப் பதினெட்டு என்ற எண்ணைப் பதிக்கும்போது கொஞ்சம் வலித்தது. பதித்தாள்.

பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள். ‘உறுப்பினருடன் உறவோ தொடர்போ உண்டா?’ இல்லை என்பதை அழித்து உண்டு என்று குறித்தாள். கீழே ஒரு கட்டம் திறந்தது. ‘விவரம்.’

போட்டியாளர் என்று அடித்தாள். அழித்தாள். பள்ளித் தோழி என்று அடித்தாள். அதுவும் பொய்யாகப்பட்டது. பஸ்லி நானா நாற்காலியைத் திருப்பி, “என்ன புள்ள, நேரமாச்சே?” என்றார்.

“இதோ,” என்றாள் ஜெயமதி.

கட்டத்தில் எழுதினாள்: ‘ஏழாம் காம்பரா, எட்டாம் காம்பரா. ஒரே சுவர்.’